மந்தர ஸ்தாயியில் ஓர் ஆண்டு

செப்டம்பர், முதல் வாரம்

ஆர்கெஸ்ட்ராவில் வில்லால் வாசிக்கப்படும் வாத்தியங்களுள் உருவில் பெரியதும் குரலில் தாழ்ந்ததும் டபுள் பேஸ். நிறுத்திப் பார்த்தால் ஏறத்தாழ ஆறடி உயரம். பரவலாக வாசிக்கப்படுவது ‘முக்கால் அளவு’ எனப்படும் வகை; முழு அளவு வாத்தியம் தொழில்முறைக் குழுக்களிலேயே அரிது. அதன் அடித்தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது, மேல்தந்தி 98 முறை. வயலினிலும் செல்லோவிலும் அடுத்தடுத்த தந்திகள் பஞ்சம இடைவெளியில் நிற்கும். டபுள் பேஸில் மத்திம இடைவெளி: ஒரு தந்தியை ஸட்ஜமாகக் கொண்டால் அடுத்த தந்தி அதன் சுத்த மத்திமம். விரல்கள் கடக்க வேண்டிய தூரம் பெரிதாக இருப்பதால், தந்திகளுக்கு இடையிலான சுர தூரம் இப்படிக் குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் சிறு நகரங்களில் இயங்கும் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராக்களுக்கு ஆண்டு தொடங்குவது செப்டம்பரில். வாரம் ஒரு மாலை, பள்ளி மண்டபத்திலோ தேவாலயத்திலோ ஒத்திகை. வயலின் வாசிப்பவர்களுக்குக் குறைவில்லை; டபுள் பேஸ் வாசிப்பவர் கிடைத்தால் அது பெரும் பேறு. ஆகவே பல ஆண்டு செல்லோ வாசித்துப் பழகிய ஒருவர் டபுள் பேஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்து நின்றால், கை பழகும் முன்பே அவருக்கு இடம் கிடைத்துவிடுகிறது. இசையில் தேர்ந்த அமெச்சூர் ஒருவர் நடுவயதில் வேறு வாத்தியத்துக்கு மாறுவதில் பொதுவாக ஒரு தயக்கம் உண்டு. டபுள் பேஸில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை. இந்த வாத்தியத்தின் வரலாறே மாறி வந்தவர்களின் வரலாறுதான்.

ஜியோவான்னி போட்டெசீனி வயலின் பயின்ற சிறுவன். 1835இல் மிலான் இசைக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் இருந்தது டபுள் பேஸுக்கும் பஸூனுக்கும் மட்டும். அவர் டபுள் பேஸைத் தேர்ந்தார். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய டபுள் பேஸ் கலைஞர் ஆனார். 1871இல் கெய்ரோவில் வெர்டியின் ‘ஐடா’ முதன்முதலாக அரங்கேறியபோது அதை நடத்தியவரும் அவரே. பின்னாளில் பாஸ்டன் சிம்பொனியை கால் நூற்றாண்டு காலம் வழிநடத்திய செர்கெய் கூஸெவிட்ஸ்கியும் மாஸ்கோவில் உதவித்தொகைக்காகவே டபுள் பேஸுக்கு வந்தவர்.

செப்டம்பர், இறுதி

முதல் புதுமை இடக்கைக்கு. செல்லோவின் அதிரும் தந்தி சுமார் 69 செ.மீ. நீளம், டபுள் பேஸில் அது சுமார் 105 செ.மீ. விரல்பலகையின் தலைப்பகுதியில் செல்லோவில் நான்கு விரல்களை விரித்தால் 11 செ.மீ. அளவில் ஒன்றரை ஸ்வரம் அடங்கும். அதே விரிப்பில் டபுள் பேஸில் ஒரு முழு ஸ்வரம் மட்டுமே கிடைக்கும். அரை ஸ்வரம் ஒவ்வொன்றும் அங்கே கிட்டத்தட்ட ஆறு செ.மீ.; வயலினில் அது இரண்டு செ.மீ.கூட இல்லை.

ஆகவே விரலமைப்பே வேறு. வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ஸ் சிமாண்டல் (1840–1912) எழுதிய பாடநூல் இன்றும் பலருக்கு முதல் நூல். அதன் முறைப்படி ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றுமே ஸ்வரம் பிடிக்கும். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக அதனுடன் சேர்ந்தே அழுந்தும். ஒவ்வொரு தந்தியிலும் 25 முதல் 30 கிலோ அளவுக்கு இழுவிசை இருப்பதால் அந்தத் துணை தேவைப்படுகிறது. விரலின் வலிமையால் அழுத்துகிறவர் சீக்கிரம் களைத்துப்போவார். தோளிலிருந்து கையின் எடையைத் தந்தியின் மேல் விட்டுவிடுகிறவருக்கு நெடுநேரம் வாசிக்க முடியும்.

இதற்கு மாற்றாக வந்த முறையும் சொல்லத்தக்கது. 1931இல் அலெப்போவில் பிறந்த ஃபிரான்ஸுவா ரப்பாத், எதுவார் நானியின் பிரெஞ்சுப் பாடநூல் ஒன்றை வைத்துக்கொண்டு ஆசிரியர் இல்லாமலே பயின்றவர். பின்னர் பாரிஸுக்குப் போய், கட்டைவிரல் இருக்கும் இடத்திலிருந்தே கையைச் சாய்த்துச் சுழற்றிப் பக்கத்து ஸ்வரங்களை எட்டும் முறையை வளர்த்தார். செல்லோவிலிருந்து வருபவருக்கு, சிமாண்டலை அடித்தளமாகக் கொண்டு ரப்பாத்தின் அசைவுகளைச் சேர்த்துக்கொள்வது நல்ல வழி. ஸ்வரத்தின் இடத்தை விரல் தேடுவதற்கு முன் காது அறிந்திருக்க வேண்டும் என்பதில் இரு முறைகளும் ஒன்றுபடுகின்றன. பல ஆண்டு இசையில் ஊறிய காது இங்கேதான் முழுப் பயன் தருகிறது. புதிதாக இசை கற்பவர் சுருதி விலகலை உணர்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். தேர்ந்த அமெச்சூர் அதை உடனே உணர்கிறார், உடனே திருத்துகிறார். கை தொடக்க நிலையில் இருக்க, காது மட்டும் முதிர்ந்த நிலையில் இருக்கும் இந்த நிலைமை ஒரு பெரிய இன்பம். ஒவ்வொரு நாளும் முன்னேற்றம் கண்கூடாகத் தெரியும் பருவம் ஒருவரது இசை வாழ்வில் இரண்டாம் முறை வருவதில்லை, வேறு வாத்தியத்தை எடுத்தாலொழிய.

அக்டோபர்

வில்லில் இரண்டு மரபுகள். மேலிருந்து பிடிப்பது பிரெஞ்சு வில். செல்லோ வில்லைப் பிடிப்பது போன்றதே. உள்ளங்கை பக்கவாட்டில் திரும்ப, கீழிருந்து பிடிப்பது ஜெர்மன் வில். பழைய வயோல் வாத்தியங்களின் பிடியிலிருந்து வந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இரண்டாவதே வழக்கம். பிரிட்டனில் பெரும்பாலோர் முதலாவதை வைத்திருக்கிறார்கள். செல்லோக்காரருக்கு அது எளிதும்கூட. எந்த வில்லிலும் நல்ல ஒலி எடுக்கலாம். தடித்த தந்தியை அசைக்க வில்லுக்கு எடை வேண்டும்; வயலின் வில் 60 கிராம் என்றால் இது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

வில்லில் தேய்க்கும் பிசினான ரோசினும் வேறு. வயலின் ரோசின் கண்ணாடி போல் இறுகியிருக்கும். டபுள் பேஸ் ரோசின் மென்மையானது, பிசுபிசுப்பானது, வெயிலில் வைத்தால் இளகி வழியும். வில்லை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்க்காமல் ஒரே திசையில் இழுப்பது வழக்கம்.

வில்லைத் தந்தியில் வைத்து இழுத்தால் செல்லோ உடனே பேசிவிடும். டபுள் பேஸின் அடித்தந்தி பேசச் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 41 அதிர்வு என்றால், சுருதி இன்னதென்று காது தீர்மானிக்கவே சில சுற்றுகள் கடக்க வேண்டும். எனவே அனுபவம் உள்ளவர்கள் தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னதாக வில்லைத் தொடங்குகிறார்கள். கேட்பவருக்குச் சரியாகத் தாளத்தில் வந்து விழும். இந்த முன்னுணர்வு புத்தகத்தில் கற்கக்கூடியதன்று. பக்கத்தில் நிற்கும் அனுபவசாலியின் வில்லைப் பார்த்தே கை பழகிக்கொள்கிறது.

இன்னொரு வியப்பும் உண்டு. அடித்தந்தி ஒலியின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். வாத்தியத்தின் மர உடல் அந்த ஒலிக்குப் போதுமான அளவு பெரியதன்று. அதன் அடிப்படை அதிர்வு அறைக்குள் மெலிந்தே பரவுகிறது. அதன் மேல் எழும் துணை அதிர்வுகளிலிருந்து காதே அடிச்சுருதியைக் கட்டிக்கொள்கிறது. வாசிப்பவரோ அந்த அடிப்படை அதிர்வை இடுப்பிலும் நெஞ்சிலும் சாய்ந்த மரத்தின் வழியாக நேரடியாகப் பெறுகிறார். அரங்கில் வேறெவருக்கும் கிடைக்காதது அது.

நவம்பர்

ஹைடனின் சிம்பொனிகளிலும் மோட்ஸார்ட்டின் சிம்பொனிகளிலும் செல்லோவுக்கும் டபுள் பேஸுக்கும் பெரும்பாலும் ஒரே வரிதான் எழுதப்பட்டிருக்கும். டபுள் பேஸ் எழுதியதைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் வாத்தியம். எனவே செல்லோவிலிருந்து மாறியவர் மனப்பாடமாகத் தெரிந்த அதே பக்கத்தைப் பார்த்து அதே ஸ்வரங்களை வாசிக்கிறார். கேட்பது மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. பழகிய சிம்பொனியை அதன் அடித்தளத்தில் நின்று முதன்முறையாகக் கேட்பதை விளக்கச் சொற்கள் போதா. மேலே வயலின்கள் எதைச் செய்தாலும் அது எதன்மேல் நிற்கிறது என்பது இப்போது அவர் கையில்.

பேத்தோவன் இரு வரிகளையும் பிரிக்கத் தொடங்கினார். அதற்குப் பின்னணியில் ஒரு சந்திப்பு உண்டு. வெனிஸில் 1763இல் பிறந்து லண்டனில் குடியேறிய டொமெனிகோ டிராகொனெட்டி 1799இல் வியன்னா சென்றபோது, பேத்தோவன் பியானோ வாசிக்க, அவருடைய செல்லோ சொனாட்டா ஒன்றை டபுள் பேஸிலேயே வாசித்துக் காட்டினார். பின்னர் ஐந்தாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் செல்லோவும் டபுள் பேஸும் விரைந்து தொடங்கிவைக்கும் இடம் வந்தது. 1808இல் அரங்கேறிய ஆறாவது சிம்பொனியின் புயலில் செல்லோக்கள் ஐந்தைந்து ஸ்வரமாக ஓட, டபுள் பேஸ்கள் அதே காலத்தில் நான்கு நான்காக ஓடுகின்றன. எவருக்கும் தெளிவாகக் கேட்காதபடி இரண்டும் உராய்வதுதான் அங்கே இடி முழக்கம். அமெச்சூர்கள் இந்த இடத்தில் எல்லா ஸ்வரங்களையும் பிடிக்க முயன்று வில்லை இறுக்கிக்கொள்வதுண்டு. ஒவ்வொரு கூட்டின் முதல் ஸ்வரத்தைத் திடமாக வைத்தாலே புயல் வந்துவிடும்.

டிசம்பர்

கிறிஸ்துமஸ் கீதங்களின் மாதம். எளிய மெட்டுகள், ஆனால் அடிவரி ஒவ்வொரு அடிக்கும் நகர்கிறது. மேற்கத்திய இசையில் ஒரு சுரக்கூட்டின் பெயரைத் தீர்மானிப்பதில் அடி ஸ்வரத்துக்கு உள்ள அதிகாரம் இந்த மாதத்தில் துல்லியமாக விளங்குகிறது. மேலே ஸ, க, ப மூன்றும் ஒலிக்கட்டும். டபுள் பேஸ் ஸட்ஜத்தை வைத்தால் கூட்டு நிறைவாக அமர்கிறது. காந்தாரத்தை வைத்தால் அதே கூட்டு அமராமல் முன்னே சாய்கிறது. மேலே யாரும் எதையும் மாற்றாமல், கீழே தைவதம் வந்தால் மொத்த நிறமும் மாறிச் சோகத்தின் பக்கம் போகிறது. ஒரே விரல், ஒரே தந்தி. இந்தப் பொறுப்பை உணர்ந்தபின் அடிவரியைத் துணைவரி என்று எண்ண முடியாது.

குளிர்கால வீட்டுச் சூடு மரத்தைக் காயவைக்கிறது. விளிம்பில் ஒட்டு விட்டுப்போனால் ஒரு ‘சிர்ர்’ ஒலி கேட்கும். ஒட்டுவதற்கு விலங்குப் பசையைப் பயன்படுத்துவது இதற்காகவே: மரம் பிளப்பதற்கு முன் பசை விடும், பழுது பார்ப்பவர் திரும்ப ஒட்டுவார். அறையில் ஈரப்பதத்தைப் பேணுவதே முறை.

பிப்ரவரி

வில்லை வைத்துவிட்டு விரலால் மீட்டும் ஜாஸ் இந்த வாத்தியத்தின் இன்னொரு முழு உலகம். அங்கேயும் மாறி வந்தவர்களே. ரே பிரவுன் பியானோக்காரர். பள்ளியில் பியானோ வாசிப்பவர்கள் நிறைய இருந்ததால் டபுள் பேஸை எடுத்தார். சார்ல்ஸ் மிங்கஸும் ரான் கார்ட்டரும் செல்லோ வாசித்தவர்கள். கறுப்பின இளைஞருக்குச் செவ்வியல் இசையின் கதவு மூடியிருந்த காலம் அது; ஆகவே டபுள் பேஸுக்கு மாறினார்கள். ஸ்காட் லஃபாரோ கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசித்துவிட்டுப் பதினெட்டாம் வயதில் டபுள் பேஸைத் தொட்டவர்; 1961இல் இருபத்தைந்து வயதில் இறப்பதற்குள் பியானோவோடு சமமாக உரையாடும் வாசிப்பை உருவாக்கிவிட்டார். அவருக்கு முன் எல்லிங்டனின் ஜாஸ் குழுவில் 1939 முதல் 1941 வரை வாசித்த ஜிம்மி பிளான்டன், அடிவரி ஒரு பாடலாகவும் இருக்க முடியும் என்று காட்டியவர்.

பன்னிரண்டு தாள அளவு கொண்ட புளூஸ் சுற்றில் அடிக்கு ஒரு ஸ்வரமாக நடந்துபோவதே முதல் பாடம். அடுத்த கூட்டின் ஆதார ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் மேலிருந்தோ கீழிருந்தோ வந்து சேர்ந்தால் வரி தானாக நகரும். பியானோவும் கிட்டாரும் தெரிந்தவருக்குக் கூட்டுகளின் பெயர்கள் ஏற்கெனவே மனத்தில் இருப்பதால் இந்தப் பாடம் வெகு சீக்கிரம் பலிக்கிறது. தமிழ் வாசகருக்கும் இந்த ஒலி அந்நியமன்று: 1950, 60களின் திரைப்பாடல்களில் அடியில் மீட்டப்பட்டு நடப்பது பல இடங்களில் டபுள் பேஸ்தான். பிறகு மின் பேஸ் கிட்டார் அந்த இடத்துக்கு வந்தது.

ஏப்ரல்

அறையிசைக்கு வரும்போது அமெச்சூர்களுக்கு இந்த வாத்தியம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது தெரிகிறது. 1804இல் பன்னிரண்டு வயது ரோஸினி, ராவென்னா அருகே தம் புரவலர் அகோஸ்தீனோ திரியோஸியின் வீட்டில் தங்கியிருந்தபோது ஆறு சொனாட்டாக்கள் எழுதினார்: இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு டபுள் பேஸ். வியோலா இல்லை. திரியோஸி அமெச்சூர் டபுள் பேஸ் கலைஞர். அவர் கைக்காகவே அந்த அடிவரி அத்தனை துள்ளலோடு எழுதப்பட்டது. இரண்டாம் வயலின் ரோஸினியே வாசித்தார்.

1819இல் ஷூபர்ட்டிடம் ‘டிரௌட்’ குவின்டெட்டைக் கேட்டு வாங்கியவர் ஆஸ்திரியாவின் ஷ்டையர் நகரத்துச் செல்வந்தர் சில்வெஸ்டர் பௌம்கார்ட்னர். அவரோ அமெச்சூர் செல்லோக்காரர். இரண்டாம் வயலினுக்குப் பதில் டபுள் பேஸை வைத்த அமைப்பால் அடியைத் தாங்கும் வேலையிலிருந்து செல்லோ விடுபட்டு மேலே பாடத் தொடங்கியது. செல்லோவில் அந்தச் சுதந்திரத்தை அனுபவித்து டபுள் பேஸுக்கு மாறியவர் இப்போது அதைக் கொடுப்பவராக இருக்கிறார். ஒரு படைப்பின் இரு பக்கங்களையும் கையாலேயே அறிவது மிகச் சிலருக்கே வாய்க்கும். எளிமையாகத் தோன்றும் அந்த அடிவரியில் பியானோவின் இடக்கை மிக மேலே போய்விடும் இடங்களில் டபுள் பேஸ் தனியே நிற்கிறது. சுருதி சற்றே விலகினாலும் ஐவரும் சரிவார்கள்.

ஜூன்

பருவத்தின் முடிவில் தனி வாசிப்பு. தந்தியின் நடுப்புள்ளிக்கு மேலே கட்டைவிரலையே விரல்பலகையில் படுக்கவைத்து வாசிக்கும் நிலை செல்லோவில் பழகியதே. உடலைக் குனிந்து வாத்தியத்தின் தோளைச் சுற்றிக் கை போவது மட்டும் புதிது. அங்கே இடைவெளிகள் சுருங்கி, பழைய செல்லோ விரலமைப்பு ஓரளவு திரும்பக் கிடைக்கிறது. போட்டெசீனியின் கச்சேரிகளுக்குத் தனி வாசிப்புத் தந்திகளை மாட்டி ஒரு ஸ்வரம் ஏற்றிச் சுருதி சேர்ப்பது வழக்கம்; அமெச்சூருக்கு அந்தச் செலவு அவசியமில்லை. பெனெடெட்டோ மார்செல்லோ செல்லோவுக்கு எழுதிய சொனாட்டாக்கள் சாதாரணச் சுருதியிலேயே நன்றாக ஒலிக்கின்றன. அவற்றின் மெதுவான பகுதிகள் இந்த வாத்தியத்துக்கென்றே எழுதியவை போல அமைகின்றன. பாகின் முதல் செல்லோ தொகுப்பின் தொடக்கப் பகுதியையும் பலர் வாசிக்கிறார்கள். செல்லோவில் தந்தியிலிருந்து தந்திக்கு வில் மட்டும் தாவி எடுத்த சுரக்கூட்டுகளுக்கு இங்கே, சுருதி மத்திமத்தில் இருப்பதால், கை புதிய பாதை காண வேண்டும். கோடை விடுமுறைக்கு அது போதுமான வேலை.