திரும்பும் வழி

கூரையைப் பிரித்து வேய்பவர்கள் மாரி தொடங்குமுன் அவ்வேலையை முடித்துவிடுவார்கள். இணையவழிக் கற்கைத் தளங்களைப் பேணுவோரும் இந்த விவேகத்தைக் கைக்கொள்வாராயின், மாணவர் உழைப்பு வீண்போகாது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல பயன்படுத்தும் மூடில் என்னும் மென்பொருள், அவுஸ்திரேலியரான மாட்டின் டூகியாமஸ் என்பவரால் ஆக்கப்பட்டு 2002 இல் வெளிவந்தது. அதன் 4.1 பதிப்புக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 டிசெம்பரோடு முடிவெய்தின. "ஓடுகிற வண்டியை ஏன் மாஸ்டர் கழற்றுவான்?" என்று நண்பரொருவர் நம்மைக் கேட்டார். வண்டி ஓடுவது மெய்தான். ஆனால் அதில் இனித் தோன்றும் ஓட்டைகளை அடைப்பாரில்லை. அவ்வழியே அயலார் புகுந்தால், மாணவரின் புள்ளிகளும் சொந்த விவரங்களும் அவர் கைப்படும். ஆகவே மாற்றம் வேண்டும். எனினும் ஆழமறியாமல் காலை விடலாகாது.

முதலில் வேண்டுவது காப்புப் பிரதி. மூடில் தளம் மூன்று கூறுகளாலானது: மென்பொருளின் நிரற்கோப்புகள், தரவுத்தளம், மாணவர் ஏற்றிய கோப்புகள் தங்கும் தரவுக் கோப்புறை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் பிரதி முழுமையாகாது. ஒரு தவணை விடுமுறையில் இத்தகைய மாற்றத்துக்கான ஒத்திகையொன்றில் நாம் உடனிருந்தோம். பிரதியை வேறொரு கணினியில் நிறுவிப் பார்த்த பொறுப்பாளரான இளைஞர், "சேர், பிள்ளைகளின்ரை பேர் எல்லாம் இருக்குது, கட்டுரையளைக் காணேல்லை" என்றார். தரவுத்தளம் மட்டுமே பிரதியெடுக்கப்பட்டிருந்தது! ஒத்திகையாதலால் ஒன்றும் கெடவில்லை. மூலத்தளத்தில் நேர்ந்திருப்பின், ஒரு தவணையின் உழைப்பு முழுவதும் அழிந்திருக்கும்.

அடுத்தது பதிப்புகளின் பொருத்தம். 4.1 பதிப்பு பி.எச்.பி. 7.4 முதல் 8.1 வரை இயங்கும்; 4.5 பதிப்புக்கோ 8.1 முதல் 8.3 வரை வேண்டும். இரண்டுக்கும் பொதுவானது 8.1 ஒன்றே. எனவே, 7.4 இல் இருப்போர் முதலில் 8.1 இற்கு ஏறி, பின் மூடிலை மாற்றி, அதன்பின் 8.3 இற்குச் செல்லலாம். 8.1 இன் ஆதரவும் 2025 உடன் முடிந்தமையால், அது படிக்கல்லேயன்றித் தங்குமிடமன்று. தரவுத்தள மென்பொருளின் பதிப்பையும், பிறர் ஆக்கிய செருகுநிரல்களையும் இவ்வாறே ஒப்புநோக்குதல் வேண்டும். ஒத்திகைத் தளத்திலிருந்து மாணவர்க்கு மின்னஞ்சல் செல்லாதவாறு அதனை முன்னரே நிறுத்திவைத்தலும் அவசியம்.

மாற்றும் நாளில் தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்த பின்னரே பிரதி எடுத்தல் நன்று. இன்றேல் இடையில் ஒப்படைக்கப்படும் விடை பிரதியில் இடம்பெறாது. தரவுத்தளம் ஒருமுறை புதுப் பதிப்புக்கு மாறிவிட்டால், அதனைப் பின்னோக்கி நடத்த மூடிலில் வழியில்லை. திரும்பும் வழி அந்தப் பிரதி ஒன்றே.

விடைத்தாட் கட்டுகளை மழையில் நனையவிடாது நெஞ்சோடணைத்துச் சென்ற ஆசிரியர்களை நாம் அறிவோம். இன்று அக்கட்டுகள் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருக்கின்றன. ஆயினும் அவற்றை எழுதிய பிள்ளைகள் நம்மிடம் வைத்த நம்பிக்கை அதுவேயன்றோ?