மாடத்துப் புறாவும் அண்டை வீட்டாரின் உரிமையும்

பறவைகளிடம் பரிவு காட்டுதல் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய பாடம் அன்று. சிறகடித்துப் பறக்கும் இனங்களும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருமறை நமக்கு உணர்த்துகிறது. பயணம் ஒன்றில் தோழர்கள் சிலர் கூட்டிலிருந்த குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை தவித்துச் சிறகடித்ததைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அக்குஞ்சுகளைத் திரும்ப அதனிடமே விடுமாறு பணித்த செய்தியை அபூதாவூத் தொகுப்பில் காண்கிறோம். இவற்றையெல்லாம் பிள்ளைப் பருவம் முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், அதே பறவை நம் வாசலுக்கு வந்து தொல்லையாக மாறும்போது நாம் கொள்ள வேண்டிய நெறி யாது? இதனை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை.

நம் ஊராகிய விருத்தாசலத்திற்கு முதுகுன்றம் என்பது பழைய பெயர். வெளியூரார்க்கோ இது பீங்கான் ஊர். தொழிற்பேட்டையின் சூளைகளில் வெந்து வரும் பொம்மைகளும், மின்சாரப் பணிக்கான பியூஸ் கேரியர்களும் ஊரின் பெயரைப் பல திசைகளுக்கும் சுமந்து செல்கின்றன. ஊர் வளர்ந்தது, வீடுகளும் மாறின. நாட்டு ஓடு வேய்ந்து, நடுவே முற்றம் வைத்துக் கட்டிய வீடுகள் குறைந்து, மாடிக்கு மேல் மாடியாகக் காங்கிரீட் வீடுகள் எழுந்துவிட்டன. இந்த மாற்றத்தைக் கண்டு நம்மைவிட மகிழ்ந்தது யார் தெரியுமா? மாடப்புறா!

மாடப்புறா இயல்பில் பாறைப் பறவை. மரக்கிளையில் கூடு கட்டுவது அதன் வழக்கமன்று. மலைச்சரிவின் பிளவுகளிலும் விளிம்புகளிலும் முட்டையிட்டு வாழ்ந்தது. அதன் கண்ணுக்கு நம் மாடி வீடும் ஒரு குன்றே. ஜன்னலின் மேலுள்ள சன்ஷேடு அதற்குப் பாறை விளிம்பு. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஒரு குகை. குளியலறைக் காற்றுத்துளை ஒரு பொந்து. ஒரு முறைக்கு இரண்டு முட்டைகள் இடும். ஏறத்தாழ பதினெட்டு நாள்களில் குஞ்சு பொரிக்கும். மேலும் ஒரு மாத காலத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். அவை பறப்பதற்குள்ளாகவே தாய் அடுத்த ஈட்டுக்கு ஆயத்தமாவதும் உண்டு. உணவு தடையின்றிக் கிடைக்குமாயின் ஆண்டு முழுவதும் இது தொடரும். இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2023-ல் வெளியான அறிக்கையும், பல பறவைகள் அருகிவரும் நம் நாட்டில் பெருகிவரும் பறவைகளுள் ஒன்றாக மாடப்புறாவைக் குறிப்பிட்டுள்ளது.

பெருகினால் என்ன, இறைவனின் படைப்புத்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் எச்சம் காய்ந்து பொடியாகிக் காற்றில் கலக்கும்போது நேர்வதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பொடியையும் இறகின் நுண்தூளையும் நெடுநாள் சுவாசிப்போரில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமையால் அழற்சி கண்டு, மூச்சுத் திணறலும் வறட்டு இருமலும் தொடர்கின்றன. கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடுவதும் உண்டு. எச்சத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சை, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களின் மூளைவரை சென்று தாக்க வல்லது. புறா கண்டாலே நோய் என்று அஞ்ச வேண்டியதில்லை. என்றாலும், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் படுக்கையறை ஜன்னலை ஒட்டி எச்சம் குவிவதை எளிதாக எண்ணுவதற்கில்லை.

இங்கேதான் நம் இரக்கம் சோதனைக்கு உள்ளாகிறது. நம் குடும்பங்களில் வெள்ளிக்கிழமை தோறும் மாடியில் தானியம் இறைக்கும் நன்னிமார்கள் உண்டு. மறைந்தவர்களின் பெயரால் நன்மையை நாடிச் செய்யும் செயல் அது. அதன் எண்ணத்தைக் குறை கூற யாருக்கும் உரிமையில்லை. ஆயினும், நம் மாடியில் உண்ட புறா எங்கே தங்குகிறது? பெரும்பாலும் அண்டை வீட்டுச் சன்ஷேட்டில்! தானியம் நம்முடையது, புண்ணியம் நம்முடையது. எச்சமும் இருமலும் மட்டும் அண்டை வீட்டாருடையதா? அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே வழங்கப்பட்டுவிடுமோ என்று எண்ணும் அளவுக்கு அவர்களின் உரிமை குறித்து ஜிப்ரீல் (அலை) தமக்கு வலியுறுத்தியதாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். பிறருக்குத் தீங்கிழைத்தல் கூடாது என்பதும் நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தருமம் செய்பவரின் வாசலைத் தாண்டித் தீங்கு போகுமாயின், அத்தருமத்தின் முறையை மாற்றிக்கொள்ளுதல் கடமையாகிறது.

இச்சிக்கல் பெருநகரில் எவ்வளவு பெரிதாகும் என்பதை மும்பை காட்டியது. 2025 ஜூலையில் மராட்டிய மாநில அரசு, அந்நகரில் பன்னெடுங்காலமாகத் தானியம் இறைக்கப்பட்டு வந்த புறாக்கூடங்களை மூடுமாறு மாநகராட்சியைப் பணித்தது. தாதரில் உள்ள புகழ்பெற்ற கூடத்தைத் தார்ப்பாயால் மூடியபோது, உயிர்களுக்கு உணவிடுதலை அறமாகப் போற்றும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் மக்களின் உடல்நலத்தையே முன்னிறுத்தியது. இரு தரப்பாரும் கொடியவர் அல்லர். ஒரு தரப்பார் பறவையின் பசியைக் கண்டனர். மறு தரப்பார் மனிதரின் மூச்சைக் கண்டனர். நம் தெருவில் இரண்டையும் ஒருசேரக் காண நம்மால் இயலும். ஏனெனில் நம் தெரு சிறியது, அண்டை வீட்டாரின் இருமல் நம் காதில் விழுகிறது.

தீர்வு காண்போர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. எகிப்தை வென்ற அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், அலெக்சாந்திரியா நோக்கிப் படையுடன் புறப்படும் வேளையில், தம் கூடாரத்தின் மீது புறா ஒன்று முட்டையிட்டிருக்கக் கண்டார்கள். கூடாரத்தைக் கலைக்காமல் அப்படியே விட்டுச் சென்றார்கள் என்றும், திரும்பி வந்தபின் அவ்விடத்தைச் சுற்றி எழுந்த நகரமே, கூடாரம் எனப் பொருள்படும் ஃபுஸ்தாத் என்றும் அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். படைத்தலைவர் ஒருவரே புறாவுக்காகக் கூடாரத்தை விட்டுச் செல்ல முடிந்ததெனில், நாம் ஒன்றரை மாதம் பொறுத்தல் அரிதா? கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்குமாயின், அவை பறக்கும் வரை அதைத் தொடாதிருப்போம். பறந்த மறுநாளே, அடுத்த ஈட்டுக்கு இடம் கொடாமல் செயற்படுவோம். காலம் அறிந்து செய்யும் இந்த ஒரு செயலிலேயே பாதித் தொல்லை தீரும்.

எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்குதல் தவறு. முகத்தில் துணியன்று, தூசி தடுக்கும் முகக்கவசமே அணிந்து, தண்ணீர் தெளித்து நன்கு ஊறவிட்டு, ஈரமாகவே வழித்தெடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். மூச்சுக்கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இப்பணியில் இறங்கலாகாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, புரட்டாசியிலேயே மாடி நீர்த்தாரைகளைப் பார்த்து, கூட்டுக் குச்சிகளை நீக்கிவிட்டால் தண்ணீர் தேங்கிச் சுவர் ஊறுவதும் தவிரும். நீர்த்தொட்டிக்கு மூடி மறவற்க.

பின்னர், இடத்தை அடைத்தல். பால்கனிக்கும் காற்றுத்துளைக்கும் வலை கட்டுவோர் 50 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைத் தொய்வின்றி இழுத்துக் கட்டினால், புறா நுழையாது. சிட்டுக்குருவி புகுந்து வெளிவரும். தொய்ந்த வலையோ கால் சிக்கிய பறவையின் தூக்குக் கயிறாகும். சன்ஷேட்டின் மேல் 45 பாகைக்குக் குறையாத சரிவு அமைத்தால் புறாவுக்குக் கால் ஊன்ற இடமிராது. அச்சரிவின்மேல், வீடு கட்டி மிஞ்சிய கிளேஸ் பூசிய டைல்ஸ் துண்டுகளைப் பதித்துவிட்டால் வழுக்கலும் கூடும், கழுவுவதும் எளிது. பீங்கான் ஊரார்க்கு இதனைச் சொல்லித்தர வேண்டுமா? பளபளக்கும் காகிதம், பழைய குறுந்தகடு முதலியவற்றைத் தொங்கவிடுவோர் உண்டு. சில நாள்களில் புறா அவற்றோடு பழகிவிடும். ஒட்டும் பசை தடவுவதும், நஞ்சு கலந்த தானியம் வைப்பதும் கொடுமை; நஞ்சுண்டு இறந்த பறவையைத் தின்னும் பருந்தும் பூனையும் சாகும், தவழும் குழந்தைக்கும் ஆபத்து.

பள்ளிவாசல்களிலும் இத்தொல்லை உண்டு. புறா, சிட்டு போன்ற உண்ணத்தக்க பறவைகளின் எச்சம் தூய்மைக்குக் கேடன்று என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபி மத்ஹபில் அது அசுத்தமாயினும், தவிர்க்க இயலாத நிலையில் பள்ளிவாசலில் பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இரு மத்ஹபினரும் ஒரே சஃப்பில் நிற்கும் ஊர்களில் இதனை வாதப் பொருளாக்காமல், மினாராவின் திறப்புகளுக்கு முறையாக வலையிடுதலே நிர்வாகத்தார்க்கு அழகு. உதுமானியர்கள் தம் பள்ளிவாசல் சுவர்களிலேயே பறவைகளுக்கெனச் சிறு மாளிகைகள் செதுக்கினர். இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியில் அவற்றை இன்றும் காணலாம். இஸ்ஃபஹானில் ஊருக்கு வெளியே வயல்வெளிகளில் புறாக் கோபுரங்கள் எழுப்பி, எச்சத்தைச் சேர்த்து முலாம்பழத் தோட்டங்களுக்கு உரமாக்கினர். பறவைக்கு ஓர் இடத்தைக் கொடுத்து, மற்ற இடங்களை மனிதர்க்கு வைத்துக்கொண்டனர் நம் முன்னோர்.

காகத்தின் கதை வேறு. தீங்கு செய்யுமாயின் இஹ்ராம் நிலையிலும் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தனுள் காகமும் ஒன்றென நபிமொழி கூறுவது உண்மையே. அதனைக் காரணம் காட்டிக் கவண்கல் எடுப்போர், தீங்குக்கு வழி வகுத்தவர் யாரென்றும் எண்ண வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் காகத்தைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது; அப்பட்டியலையே 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மாலையில் நம் தெருக்கோடியைப் பாருங்கள். குர்பானிக் கழிவுகள் திறந்த வெளியில் கிடக்க, காகங்கள் குடலை இழுத்துவந்து அயலார் மாடியில் போடுகின்றன. சகோதரனைக் கொன்றுவிட்டுத் திகைத்து நின்ற ஆதமின் மகனுக்கு, மண்ணைத் தோண்டிப் புதைக்கும் முறையைக் காட்டக் காகத்தையே இறைவன் அனுப்பியதாகத் திருமறை கூறுகிறது. புதைக்கக் கற்றுக்கொடுத்த பறவையின் முன்னால், புதைக்காமல் வீசியெறிவது நாமன்றோ! ஆழக் குழிதோண்டிக் கழிவுகளைப் புதைத்துவிட்டால் காகத்தொல்லையும் குறையும், பிற சமயத்தவர் முகம் சுளிப்பதும் நீங்கும். கோடையில் கூடு வைத்த காகம் தலையில் கொத்த வந்தால், குஞ்சு பறக்கும் வரை சில வாரங்கள் குடை பிடித்துச் செல்வோம். அதுவும் ஒரு தாய்தான்.

சிட்டுக்குருவியையோ தொல்லைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. நம்மவராகிய சாலிம் அலி (1896–1987) அவர்கள் சிறுவயதில் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் கண்டு, இஃது உண்ணத்தக்கதா என ஐயுற்று மாமனிடம் கேட்டார். அக்கேள்வி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு இட்டுச் சென்று, இந்தியப் பறவையியலின் பேரறிஞர் ஆக்கியது. மீட்டர் பெட்டியில் குருவி கூடு வைத்தால், நம் பிள்ளைகளை அருகழைத்துக் காட்டுவோம். கோடையில் அகலமான, ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வைத்து நாள்தோறும் மாற்றுவோம். அதன் நன்மை எவர் வீட்டுக்கும் கேடாகாது.

வெள்ளிக்கிழமைத் தானியத்தைப் பற்றியும் ஒரு சொல். அந்த அரிசியை அண்டை வீட்டு ஏழைக்குக் கொடுத்தாலும் மறைந்தோர் பெயரால் நன்மை சேரும். இதனை நன்னிமார்களிடம் கடிந்து சொல்லாமல், அமர்ந்து பேசிச் சொல்வோம். பறவைக்கும் தீங்கின்றி, அண்டை வீட்டாருக்கும் தீங்கின்றி வாழும் பக்குவத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.