33 கிலோ காற்று



என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, வீட்டு மாடி அறையில் மைக்ரோகிரீன்ஸ் வளர்க்கிறாள். கடுகு, முள்ளங்கி, வெந்தயம் எல்லாம் தட்டில் முளைத்து இரண்டு இலை விட்டதும் அறுத்து விற்கும் பயிர். மாமல்லபுரம் பக்கத்து ஓட்டல்களுக்குப் போகிறது. வேலை போன பிறகு அந்த அறைதான் அவளுக்குச் சம்பளம். சித்திரை பிறந்ததும் தட்டுத் தட்டாக அழுக ஆரம்பித்துவிட்டது. "ஏசி போடச் சொல்றாங்க டீச்சர், செயினை அடகு வைக்கப் போறேன்" என்றாள். "ரெண்டு நாள் பொறும்மா, கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

அந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும். அறை 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். உள்ளே இருக்கும் காற்று எத்தனை கிலோ? சிரிக்காதீர்கள், சுமார் 33 கிலோ! விளக்கு, 20 வாட் எல்.இ.டி. டியூப் ஐந்து, மொத்தம் 100 வாட். எல்.இ.டி. சூடாகாது என்று பலர் நினைக்கிறோம். குண்டு பல்பைவிடக் குறைந்த கரண்டில் அதே வெளிச்சம் தரும், அவ்வளவுதான். எடுத்த 100 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் முடியும். ஒரு பங்கு விளக்கிலேயே சூடாகிறது. ஒளியாக வந்த பங்கும் இலையிலும் சுவரிலும் பட்டுச் சூடாகிறது. இலை உணவாகச் சேர்த்து வைப்பது மிகச் சொற்பம்.

அறையை மூடிவிட்டு, சுவர் எதையும் வாங்கிக்கொள்ளாது என்று வைத்துக்கொண்டால், ஒரே மணி நேரத்தில் அந்தக் காற்று 11 டிகிரி ஏறிவிடும். சுவர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பதால் அவ்வளவு ஏறாது. ஆனால் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளம் வாங்கவா செய்யும்? கொடுக்கத்தான் செய்யும்.

நான்கு வேலை செய்தோம்.

ஒன்று, நேரம். விளக்கு வெளிச்சம் பகலில் வந்தாலும் இரவில் வந்தாலும் இந்த முளைப் பயிருக்கு ஒன்றுதான்.  டைமர் வைத்து இரவு 9 முதல் காலை 9 வரை எரிய விட்டோம்.

இரண்டு, காற்று. சுவரின் உச்சியில் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். எதிர்ச் சுவரின் அடியில் வலை போட்ட திறப்பு. மணிக்கு 100 கன மீட்டர் காற்றை வெளியேற்றினால், 100 வாட் விளக்கால் ஏறும் சூடு சுமார் 3 டிகிரியில் நிற்கும். நாற்றழுகலுக்குச் சூட்டோடு ஈரமும் துணை. அதுவும் காற்றோடு போய்விடும்.

மூன்று, தட்டு. டியூப்பை அலமாரிப் பலகையோடு ஒட்டிக் கட்டியிருந்தாள். அதன் முதுகுச் சூடு மேல்தட்டு வேரை அடியிலிருந்து வேக வைத்தது. இரண்டு அங்குலம் இறக்கிக் கட்டினோம்.

நான்கு, மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தோம்.

ஃபேனுக்கும் ஓர் எல்லை உண்டு. வெளிக்காற்றைவிட அறையைக் குளிர வைக்க அதனால் ஆகாது. அதனால் கத்திரி உச்சத்தில் இருந்த நாட்களில் தட்டுகளைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். வருமானமும் பாதிதான். ஆனால் அழுகல் நின்றது. செயின் அவள் கழுத்திலேயே இருக்கிறது.

சூட்டை யாராலும் அழிக்க முடியாது, பிள்ளைகளே. வெளியே போக வழி விடலாம். வரும் நேரத்தை மாற்றலாம். இதைத்தான் வகுப்பில் வெப்பம் பரவுதல் என்று படித்தோம்.

வீட்டுக்குள் பயிர் வைப்பவர்கள் இலை மட்டத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்க விடுங்கள். ஈரமும் கரண்டும் ஒரே அறையில் இருப்பதால் ஈ.எல்.சி.பி. கட்டாயம் போடுங்கள். சந்தேகம் இருந்தால் அறையின் அளவையும் மொத்த வாட்டையும் எழுதி அனுப்புங்கள். கணக்குப் போட டீச்சருக்கு இன்னும் அலுப்பு வரவில்லை.