மூளைப் பவுடர்

பாபநாசம் கடைத்தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். கர்ப்பிணிகளிடம் பொய் சொல்லி வியாபாரம் செய்தவன் நான். எங்கள் தொழிலில் 'அறுபதாயிரம்' என்போம், அறுபதாயிரம் யூனிட் வைட்டமின் டி3 பவுடர்தான் சரக்கு. வாரம் ஒன்று பாலில் கலந்து குடிப்பது. ரத்தத்தில் குறைவு இருந்தால் டாக்டர் எழுதுவார். நான் சீட்டே கேட்காமல் விற்றேன். "குழந்தைக்கு மூளை நல்லா வளரும்மா" என்றால் போதும், மாமியாரே பணத்தை எடுத்து நீட்டுவார்.

ஆதாரமும் கைவசம் இருந்தது. 2020-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் ஆய்வு ஒன்று வெளியானது. கர்ப்பத்தில் வைட்டமின் டி கூடுதலாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் 4-6 வயதில் ஐ.க்யூ. சோதனையில் கொஞ்சம் முன்னால் இருந்தார்களாம். ரத்த அளவு 10 நானோகிராம் கூடினால் ஒன்றே சொச்சம் புள்ளி, அவ்வளவுதான். அந்தச் செய்தியைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டினேன்.

மைசூர்ச் சேதியை ஒட்டவில்லை. ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் மருத்துவமனையில் கர்ப்பிணிகளின் ரத்தத்தை எடுத்துவைத்து, பிறந்த பிள்ளைகளை 9-10 வயதிலும் 13-14 வயதிலும் சோதித்தார்கள். மூன்றில் இரண்டு தாய்மாருக்குக் குறைவு. ஆனால் பிள்ளைகளின் அறிவுக்கும் அதற்கும் சம்பந்தம் தென்படவில்லை. டென்மார்க்கில் ஒரு பகுதியினருக்குக் கூடுதல் டோஸ் கொடுத்தே பார்த்தார்கள். பிள்ளைகளின் வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. கம்பெனி ரெப் இதையெல்லாம் சொல்ல மாட்டார். நானே தேடிப் படித்தேன். படித்த பிறகும் விற்றேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் கால்சியம் மாத்திரையில் 500 மில்லிகிராம் கால்சியத்தோடு 250 யூனிட் டி3-யும் சேர்ந்தே இருக்கிறது. தினம் இரண்டு போட்டால் 500 யூனிட். ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவே 600தான். "கவர்மெண்ட் மாத்திரையில என்னம்மா இருக்கு" என்று உதட்டைப் பிதுக்குவேன், பவுடர் நகரும். நடவுக்குப் போகிற பெண்கள் இதை வாங்க வந்ததில்லை. வந்தவர்கள், பிள்ளை கறுத்துவிடும் என்று வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டவர்கள். பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் வெயில் பட்டால்தான் தோல் இந்தச் சத்தை நன்றாகத் தயாரிக்கும் என்று திருப்பதியில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் போய் நில்லுங்கள் என்று ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை. வெயிலில் எனக்கேது கமிஷன்?

தலைச்சன் பிள்ளை சுமந்த ஒரு பெண்ணுக்கு நாலு பவுடர் கொடுத்தேன். கடையில் கூட்டம். கவரில் 'பாலில் 1' என்று கிறுக்கினேன்; 'வாரம்' என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வாங்கிப்போனவர் செவ்வாய்க்கிழமை வந்து நின்றார்.

"தீந்துடுச்சுண்ணே, இன்னும் நாலு குடுங்க."

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. இப்படியே தினமும் குடித்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, தாகம், கடைசியில் கிட்னிக்கே கேடு. தப்பு என் பேரில், உடனே டாக்டரைப் பாரும்மா என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

"ஸ்டாக் இல்லம்மா" என்றேன்.

வேறு கடையில் வாங்கினாரா, தெரியாது. அவர் மாமனார் எனக்கு நல்ல பழக்கம். ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. விஷயம் வெளியே போனால் கடைப் பேர் கெடுமே என்பதுதான் அன்றைக்கு ராத்திரி என் கவலை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது பால்வாடிக்குப் போகிறது. கேட்டால் பாட்டெல்லாம் பாடுகிறது. எல்லாம் அந்தப் பவுடரால்தான் என்று அந்தப் பெண் தெருவில் மாசமாக இருக்கிறவர்களை எல்லாம் என் கடைக்கு அனுப்புகிறார். செய்தித் துண்டைக் கிழித்தாயிற்று. சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. கவரில் 'வாரம் 1' என்று கொட்டை எழுத்தில் எழுதுகிறேன். "மூளைக்கு நல்லதுதானேண்ணே?" என்று கேட்டால் மட்டும், அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. "அதான் டாக்டரே எழுதியிருக்காருல்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் சீட்டை வாங்கிப் பார்க்கிறேன்.