மருதோன்றிக்கு வார்த்த இனிப்பு

மறைந்த நம் தாயார் கொல்லையில் நட்டிருந்த மருதோன்றி, வீட்டைப் புதுப்பித்தபோது வேரோடு போயிற்று. அதிலிருந்து ஒடித்து ஊன்றிய கொம்பொன்று மட்டும் தொட்டியில் துளிர்த்து நின்றது.

அண்மையில் நம் இல்லத் திருமணம் முடிந்தபின், விருந்தினர் பாதி பருகி வைத்த குளிர்பானப் புட்டிகள் குவிந்து கிடந்தன. "நன்னா, இதைச் செடிக்கு ஊற்றட்டுமா? நமக்கு இனிப்பது அதற்கும் இனிக்காதா?" என்றாள் பேத்தி. வீணாகாமல் பயன்படட்டுமே என்று நாமும் தலையசைத்தோம். நாளுக்கொரு புட்டியாக வார்த்தாள். பத்தாம் நாள் தொட்டியில் எறும்புகள் மொய்த்தன. மண் புளித்து நாறியது. இலைகள் மஞ்சளித்து நுனி கருகின.

பிழை எங்கே என்று அதன்பின்னரே நூல்களைப் புரட்டினோம். இத்தகைய பானம் 100 மில்லியில் ஏறத்தாழ 10 கிராம் சீனி உண்டு. செடிக்கோ நம் சீனி வேண்டியதில்லை. கதிரவன் ஒளியில், காற்றையும் நீரையும் கொண்டு இலையே தனக்குரிய இனிப்பைச் சமைத்துக்கொள்கிறது. ஊறுகாய்க்கு இட்ட உப்பு மாங்காயின் நீரை இழுப்பதுபோல, மண்ணில் மிகுந்த சீனி வேரை நீர் பருகவிடாது தடுக்கிறது. சீனியை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள், செடிக்குரிய தழைச்சத்தையும் தமதாக்கிக்கொள்கின்றன. கோலா வகைகளில் பாஸ்பாரிக் அமிலம் உண்டு. மணிச்சத்து அதில் இருப்பது மெய்யே. ஆயினும் அந்தப் புளிப்பின் கடுமை வேருக்கு ஏற்றதன்று. தழைச்சத்தோ அதில் இல்லை என்றே சொல்லலாம்.

2004ஆம் ஆண்டில் சத்தீஸ்கரிலும் ஆந்திரத்திலும் உழவர் சிலர் குளிர்பானத்தை வயலில் தெளித்த செய்தி நினைவுக்கு வந்தது. அவர்கள் நாடியது பூச்சிகளை ஒழிப்பதையே. இனிப்புக்கு வரும் எறும்புகள் புழுக்களைத் தின்னும் என்று அதற்கு விளக்கமும் கூறப்பட்டது. பயிருக்கு உணவூட்டும் கதையன்று அது.

இதில் ஒரு வியப்பும் உண்டு. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், நீரில் வாயுவைக் கரைத்துச் சோடா நீருக்கு வழிகாட்டியவர் ஜோசப் பிரீஸ்ட்லி. மெழுகுவர்த்தி எரிந்து கெட்ட காற்றைப் புதினாத் தளிர் மீண்டும் தூய்மையாக்குவதை 1771இல் கண்டவரும் அவரே. அந்தப் புதினாவுக்கு அவர் சோடாவை ஊட்டவில்லை. அதன் போக்கில் விட்டுப் பார்த்திருந்தார். அந்தப் பொறுமை நமக்கு வாய்க்கவில்லை.

தொட்டி மண்ணை உதறி, வேரை நன்னீரில் அலசிப் புதுமண்ணில் நட்டோம். அழுகிய வேர்களைக் கத்தரித்தபோது பேத்தி அழுதாள். "தவறு உன்னுடையதன்று, தலையசைத்த எம்முடையது" என்று தேற்றினோம். மூன்று வாரங்கள் கழித்துக் கணுவொன்றில் செந்நிறத் தளிர் தெரிந்தது.

இப்போது நாள்தோறும் காலையில் அவள் ஒரு குவளைத் தண்ணீர் மட்டுமே ஊற்றுகிறாள். வரும் பெருநாளுக்கு ஒரு விரலுக்கேனும் அரைக்க இலை கிடைக்கும் என்று காத்திருக்கிறோம்.