வேகம் வேறு, அவசரம் வேறு

ஆராய்ச்சி என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, பெரிய பெரிய பட்டம்! 'அதெல்லாம் டிப்ளமோக்காரனுக்கு எதுக்குப்பா?' என்று நாமே ஒதுங்கிக் கொள்கிறோம். பெரம்பூரில் பிறந்து வளர்ந்த என்னால் அப்படி ஒதுங்க முடியவில்லை.

1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கி வைத்த எங்கள் ஊர் ஐ.சி.எஃப்., சுவிஸ் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு பெட்டி கட்ட ஆரம்பித்தது. அதே தொழிற்சாலை 2018-ல், பொது மேலாளர் சுதான்ஷு மணி தலைமையில், 'டிரெயின் 18'-ஐ உருவாக்கியது. பிடித்த காலம் 18 மாதம்தான்! முன்னால் நின்று இழுக்கும் இன்ஜின் அதில் கிடையாது. 16 பெட்டிகளில் பாதிக்கு அடியிலேயே மோட்டார். அதனால் சட்டென்று வேகம் எடுக்கும். அவ்வாண்டு டிசம்பரில் ராஜஸ்தானில் கோட்டா அருகே நடந்த சோதனையில் மணிக்கு 180 கி.மீ. தொட்டது. 2019 பிப்ரவரி 15-ல் 'வந்தே பாரத்' என்ற பெயரோடு டெல்லியிலிருந்து வாரணாசிக்குப் புறப்பட்டது.

எங்கள் தெருவில், அங்கே வெல்டராக இருந்து ரிட்டையர் ஆன மாமா ஒருவர் இருக்கிறார். "அவ்ளோ அவசரமா எப்படி மாமா முடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"அவசரப்பட்டா வெல்டு வுட்டுடும் கண்ணு! வேகம் வேற, அவசரம் வேற. அறுவது வருசமா பழகின கை... அதான் வேகம்" என்றார்.

உண்மைதான். புது ரயிலை ஓட்டிப் பார்க்கும்போது பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்குகிறார்கள். எவ்வளவு ஆடுகிறது, பிரேக் போட்டால் எத்தனை தூரத்தில் நிற்கிறது என்று அளக்கிறார்கள். சரியில்லை என்றால் திருத்தி, மறுபடி ஓட்டுகிறார்கள். நம் லேபில் வெர்னியர் பிடித்து ரீடிங் எடுக்கிறோமே, அதன் பெரிய அண்ணன்தான் இந்த ஆராய்ச்சி!

படிப்பு முடிந்ததும் சேர எனக்கு ஒரு சிறிய கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ரயில் பெட்டிக்கான புது உதிரி பாகங்களைச் சோதித்து ரிப்போர்ட் தர வேண்டும். வாரத்துக்கு ஒரு டிசைன் வருமாம். ஓராண்டு ஒப்பந்தம்தான். "பர்மனென்ட் இல்லியேடா, ரயில்வே பரீட்சை எழுது" என்கிறார் அப்பா. மாதாமாதம் வாடகை கட்டுகிறவரின் பயம் அது, நியாயமான பயம். ஜூனியர் இன்ஜினியர் பரீட்சைக்கு நம் டிப்ளமோவே போதும். பரீட்சையும் எழுதுவேன், இந்த வேலைக்கும் போவேன்.

'சீக்கிரம் முடி' என்று அங்கே விரட்டுவார்கள். முடிக்கலாம். ஆனால் தோழர்களே, எடுக்காத ரீடிங்கை எடுத்ததாக மட்டும் எழுதக் கூடாது. அந்த எண்ணை நம்பித்தான் ஒரு தாய் மடியில் குழந்தையோடு ரயிலேறி உட்காருகிறாள்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு