போர்டோன்னா மருந்துல்லப்பா?

கலிபோர்னியாவில் பொட்டி தட்டும் நம்மாட்களுக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப் போக ஒரு நிரந்தரப் பட்டியல் இருக்கிறது. கோல்டன் கேட் பாலம், லிவர்மோர் கோயில், யோசெமிட்டி, அப்புறம் "லைட்டெல்லாம் நல்லா இருக்கும்மா" என்று பொய் சொல்லி லாஸ் வேகஸ். நாபா பக்கம் யாரும் போக மாட்டார்கள். போனாலும் சனிக்கிழமை நண்பர்களோடு போய்விட்டு ஞாயிற்றுக்கிழமை பெற்றோரிடம் "சும்மா ஒரு டிரைவ்" என்பார்கள். :-)

நான் அப்பா அம்மாவையே கூட்டிக்கொண்டு போனேன். 2024 செப்டம்பர், இரண்டு நாள் டூர், வழிகாட்டியே ஓட்டும் பதினாலு சீட்டு வேன். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "டிக்கெட் எடுத்து சாராயக்கடைக்குப் போற குடும்பத்த இப்பத்தான்டா பாக்குறேன்."

காரணம் இருக்கிறது மக்களே. அப்பா திராட்சைக்காரர். கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் பந்தல், பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே திராட்சைதான். வெளிநாட்டுக்காரர்கள் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். பெரியாறு தண்ணியும் மேற்கு மலைக் காற்றும் சேர்ந்து எங்கள் பக்கம் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும். என் இன்ஜினியரிங் படிப்புக்கான ஃபீஸ் மொத்தமும் அந்தப் பந்தலில் தொங்கியதுதான்.

இன்னொன்றும் இருந்தது. மனை போடுவதற்காக ஒருவர் தோட்டத்தை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா போனில் ஜாடையாகச் சொல்லியிருந்தார். அப்பா வந்து ஒன்றரை மாசமாகியும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. காலையில் அபார்ட்மெண்ட் பால்கனியில் நின்று, கீழே புல் வெட்டுகிற மெக்சிகோக்காரரை வேடிக்கை பார்ப்பார். மத்தியானம் அதே இடத்தில் நின்று வெட்டின புல்லைப் பார்ப்பார். இந்த மனுஷனுக்கு லாஸ் வேகஸைக் காட்டி என்ன செய்ய?

எங்கள் ஓட்டுநர்-வழிகாட்டி அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மணி. பாலத்தைத் தாண்டியதுமே மைக்கில் பேச ஆரம்பித்தவர், நாபா பள்ளத்தாக்கு மொத்தமே சுமார் 30 மைல் நீளம், கலிபோர்னியா ஒயினில் 4 சதவீதம்தான் இங்கே வருகிறது, ஆனால் பேர் மட்டும் உலகம் பூரா என்றார். 1976ல் பாரிஸில் நடந்த அந்தப் பிரசித்தி பெற்ற போட்டியைச் சொன்னார். பிரெஞ்சு நடுவர்கள் லேபிளைப் பார்க்காமல் ருசித்து, சிவப்பு வெள்ளை இரண்டிலுமே நாபா சரக்குக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். வேனில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் மொழிபெயர்த்ததும் அப்பா, "அங்க யாரு கவாத்துப் பண்ணுனா?" என்று கேட்டார். அதற்கு அம்மணியிடம் பதில் இல்லை.

முதல் ஒயினரியில் இறங்கினோம். மற்ற பத்துப் பேரும் கண்ணாடிக் கதவு வழியாக ருசி பார்க்கும் அறைக்குப் போக, அப்பா நேராக வரிசைக்குள் புகுந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு! மண்ணை உருட்டிப் பார்த்தார். கொடியின் அடியில் ஒட்டுக் கட்டின முடிச்சைத் தடவினார். நல்லவேளை, அம்மணி திட்டாமல் கூடவே வந்து விளக்கினார். வேரைத் தின்கிற ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி அமெரிக்காவிலிருந்து போய் 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் தோட்டங்களை அழித்தது. அதைத் தாங்குகிற அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டித்தான் தப்பித்தார்கள். அப்புறம் 1980களில் இதே நாபாவில், நம்பி நட்ட ஒரு வேர் ரகம் அதே பூச்சியிடம் தோற்றுப்போய், ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பிடுங்கி மறுபடி நட்டிருக்கிறார்கள். அப்பா தலையை ஆட்டினார். "பிடுங்கிட்டு மறுபடி நட்டாய்ங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஒவ்வொரு வரிசை முனையிலும் ஒரு ரோஜாச் செடி. நோய் வந்தால் ரோஜாவில் முதலில் தெரியும், அதற்குத்தான் வைத்தார்கள், இப்போது அழகுக்கு என்றார் அம்மணி. அப்பாவிடமிருந்து ஒரு "ஹூம்". இங்கே கோடையில் மழையே கிடையாது என்று கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. எங்கள் ஊரில் அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும், பூஞ்சை வரும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் படர்கிற அந்த நோய் இங்கே ஒரு பிரச்சினையே இல்லையாம். மேலே சாம்பல் பூத்தது போல வருகிற இன்னொன்றுக்குக் கந்தகம் தூவினால் போதுமாம். "மழை இல்லாத ஊர்ல திராட்சை வைக்க எவனுக்குடா தெரியாது" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார். பொறாமைதான். அவர் பொறாமைப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

தலைப்பு விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே ஒருவர் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இது போர்டோ கலவை, அது போர்டோ கலவை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏப்பா, போர்டோன்னா மருந்துல்லப்பா?" மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவை! முப்பது வருஷமாக வாரம் தவறாமல் அடித்தவருக்கு அது ஒரு ஊர் என்று தெரியாது. ரூமுக்குப் போய் நோண்டினேன். ஆச்சரியம், இரண்டும் ஒரே போர்டோதான். பூச்சிக்காக அமெரிக்காவிலிருந்து வேர் வரவழைத்தபோது, கூடவே இந்த வெள்ளைப் பூஞ்சையும் பிரான்சுக்குக் கப்பலேறியது. 1880களில் போர்டோ பக்கம், வழிப்போக்கர்கள் பழத்தைத் திருடாமல் இருக்க ரோட்டோரக் கொடிகளில் தெளித்த நீலக் கலவை அந்த நோயையும் நிறுத்துவதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். அதுதான் கம்பம் வரைக்கும் வந்து எங்கள் கிணற்றடிச் சுவரையும் அப்பாவின் வேட்டியையும் நீலமாக்கியிருக்கிறது. சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். "களவாணிப் பயலுகளுக்கு வச்சதா!"

விலைதான் அவரைத் தூங்கவிடவில்லை. நாபாவில் காபர்னே திராட்சை 2023 கணக்குப்படி சராசரியாக டன்னுக்கு 8 ஆயிரம் டாலருக்கு மேல். நம்ம ரூபாயில் கிலோ 700ஐத் தாண்டுகிறது. அப்பா கடைசியாகக் கொடுத்தது கிலோ 32க்கு. ஆனால் ஏக்கருக்கு மூன்று, நான்கு டன்தான் எடுக்கிறார்கள். வேண்டுமென்றே காயைக் கிள்ளிக் கீழே போடுகிறார்கள். "எங்க தோட்டத்துல பத்து டன்னுக்குக் கொறஞ்சா என்னைய ஆம்பளையாவே மதிக்க மாட்டாய்ங்க" என்றார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுப் பார்த்தார். குண்டுமணி சைஸ், தடித்த தோல், நிறைய விதை. "ருசி இருக்கு. ஆனா சந்தையில எவனும் வாங்க மாட்டான்." அவ்வளவுதான் தீர்ப்பு.

ஒயின் குடித்தாயா என்று கேட்பவர்களுக்கு: அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். போதுமா?

ராத்திரி சாண்டா ரோசாவில் தங்கல். போகிற வழியில் அம்மணி வேனை மெதுவாக்கி ஒரு குடியிருப்பைக் காட்டினார். 2017 அக்டோபர் 8 ராத்திரி கலிஸ்டோகா பக்கம் கிளம்பிய தீ, காற்றோடு மலையிறங்கி, சில மணி நேரத்தில் ஊருக்குள் வந்து, பெரிய 101 நெடுஞ்சாலையையே தாண்டிக் குதித்தது. 22 பேர் செத்தார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. அம்மணி வீடும் அதில் ஒன்று. அதே இடத்தில் திரும்பக் கட்டிக் குடியிருக்கிறாராம். ஏன் அதே இடத்தில் என்று அப்பா கேட்கச் சொன்னார். "இடம் எரியவில்லையே" என்றார் அம்மணி. மொழிபெயர்த்தேன். அப்புறம் ஓட்டல் வரும்வரை அப்பா பேசவில்லை.

மறுநாள் காலை டிரை கிரீக் பள்ளத்தாக்கு. என்னைக் கேட்டால் நாபாவைவிட இதுதான் அழகு, கூட்டமும் கம்மி. இங்கே நூறு வயதைத் தாண்டிய ஸின்ஃபன்டெல் கொடிகள் இருக்கின்றன. கொடி என்றே சொல்ல முடியாது. இடுப்புயரத்தில் முறுக்கிக்கொண்டு கைகளை விரித்து நிற்கிற குட்டை மரம். பந்தல் இல்லை, கம்பி இல்லை, சில தோட்டங்களில் பாசனமும் இல்லை. 1920லிருந்து 1933 வரை நாடு முழுக்க மதுவிலக்கு. அப்போதும் இந்தக் கிழங்கள் தப்பியிருக்கின்றன. வீட்டில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளச் சட்டத்தில் ஒரு சந்து இருந்ததால் திராட்சைக்குக் கிராக்கி குறையவில்லை. அப்பா ஒரு கொடியைக் கட்டிப்பிடிக்காத குறை. பந்தல் போடாமலே ஒரு கொடி இத்தனை நாள் நிற்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்ச தூரத்தில் ஒரு தோட்டத்தை வேரோடு பிடுங்கி, மலை மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். குடிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வாங்க ஆளில்லை, பலர் அறுக்காமலே விட்டுவிட்டார்கள் என்றார் அம்மணி. (பிறகு வந்த கணக்கும் அதையே சொன்னது: 2024ல் கலிபோர்னியாவில் அரைபட்ட திராட்சை இருபது வருஷங்களில் மிகக் குறைவு.) அப்பா அந்தக் குவியலை வேன் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

ரஷ்யன் ஆற்றை ஒட்டியே ரெட்வுட் காட்டைக் கடந்தால் ஜென்னர். ஆறு கடலில் சேருகிற மேடு. கீழே மணல் திட்டில் கடல்நாய்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. காற்று ஆளைத் தள்ளுகிறது. செப்டம்பரிலும் அம்மாவுக்கு இரண்டு ஸ்வெட்டர். அம்மா கடல்நாயை எண்ணிக்கொண்டிருந்தபோது அப்பா என் பக்கம் வந்தார்.

"தம்பி, நீ திரும்பி வர்ற யோசனை இருக்கா?"

பச்சை அட்டை வரிசை, வீட்டுக் கடன், அடுத்த ப்ராஜெக்ட் என்று இழுத்திருக்கலாம். ஒன்றரை மாசமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் அந்த மாதிரிதான். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லப்பா. வந்தாலும் தோட்டம் பாக்க வரமாட்டேன்."

"ம்."

அவ்வளவுதான். "அந்தக் கடல்நாய் எதத் திங்கும்?" என்று கேட்டார். மீன் என்றேன். "அதுகளுக்கென்ன" என்றார்.

அங்கிருந்து ஒன்றாம் நம்பர் சாலையில் தெற்கே. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்துக்குக் கீழே பசிபிக். வளைவுகளில் அம்மா முருகனைக் கூப்பிட்டபடி வந்தார். போடேகா பே ஊரில் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படம் (1963) எடுத்தார்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது வேறு கதை. அதே காலத்தில் அங்கே கடலோரம் அணு உலை கட்டப் பெரிய குழியே தோண்டிவிட்டார்கள். சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு அதன் பக்கத்திலேயே போகிறது என்று ஊர்க்காரர்கள் விடாமல் போராடி, 1964ல் திட்டத்தைக் கைவிட வைத்தார்கள். அந்தக் குழி இப்போது குளம். பறவைகள் வருகின்றன, ஹிட்ச்காக் படம் மாதிரி இல்லாமல் சமர்த்தாக.

பாயின்ட் ரேயஸ் பக்கம் அந்த நிலப்பிளவு மேலேயே ஒரு நடைபாதை. 1906 பூகம்பத்தில் ஒரே வேலி நடுவில் பிய்ந்து, சுமார் 16 அடி தள்ளிப் போய் நின்றதை அப்படியே மறுபடி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் போட்டோ எடுக்க, அப்பா மட்டும் இரண்டு வேலிக்கும் நடுவில் நடந்து அளந்தார். "இந்தப் பதினாறு அடி யாரு கணக்குல வரும்? சர்வேயர் என்ன எழுதுனாரு?" அடுத்த தோட்டத்துக்காரரோடு முக்கால் அடிக்குப் பதினோரு வருஷம் கேஸ் நடத்தியவராயிற்றே! அம்மணி விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசியாக நின்ற சிற்றூரில் காபிக்கு இருபது நிமிஷம். அப்பாவைக் காணோம். தேடினால் தீவனமும் தோட்டச் சாமானும் விற்கும் கடையில், கையில் ஒரு கவாத்துக் கத்தரியோடு நிற்கிறார். சிவப்புக் கைப்பிடி, திறந்து மூடினால் சத்தமே வரவில்லை. எழுபது டாலர்.

"அப்பா, அந்த மனைக்காரரு..."

"தீபாவளி கழிச்சு ஒரு கவாத்து இருக்கு. அத முடிச்சிட்டுப் பேசிக்கலாம்னு சொல்லிருக்கேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் காய் வரும்ல" என்றார். காசை நான்தான் கொடுத்தேன். வேனில் ஏறியதும் அம்மா அதை வாங்கி விலைச்சீட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பேசாமல் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பி.கு: போக நினைப்பவர்களுக்கு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை அறுவடை, அப்போது போனால்தான் பழத்தோடு பார்க்கலாம். ஒன்றாம் நம்பர் சாலை வளைவுக்கு எலுமிச்சம்பழம் கையில் வைத்துக்கொள்ளவும். கடலோர ஊர்களில் சிப்பியும் நண்டும்தான் பிரதானம். சைவர்கள் புளியோதரை கட்டிக்கொண்டு போவது உத்தமம். அப்புறம், கத்தரியைக் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போடச் சொல்லுங்கள்.